கரிசலும் கழனியும்: மூளையழற்சி நோயின் வரலாறு



கோவில்பட்டியிலிருந்து எந்தத் திசை நோக்கி நடந்தாலும் நம் காலடியில் கிடப்பது கரிசல் மண். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசி மழையில் காலைப் பிடித்து இழுக்கும். கம்பும் சோளமும், பருத்தியும் உளுந்தும், மிளகாயும் இந்த மண்ணின் செல்வங்கள். இந்த வட்டாரத்தின் வரலாறு என்றால் உங்கள் நினைவுக்கு முதலில் வருவன எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும், 1799-ஆம் ஆண்டில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாறும் ஆகும். போர்களுக்கு வரலாறு உண்டு. பாளையங்களுக்கும் வரலாறு உண்டு. ஆனால் போர்களைக் காட்டிலும் மிகுதியாக மக்களைக் கொண்டு சென்ற நோய்களுக்கு நம் வகுப்பறைகளில் ஒரு பாடம் இருப்பதில்லை. அத்தகைய நோய்களுள் ஒன்றாகிய மூளையழற்சியின் வரலாற்றை இன்று காண்போம்.

என் பாட்டியார்க்கு ஒன்பது மக்கள் பிறந்தனர், நால்வர் தங்கினர். மறைந்த ஐவரைப் பற்றிக் கேட்டால், அவர் சொல்லும் விடை மூன்று சொற்றொடர்களில் முடிந்துவிடும். "காய்ச்சல் கண்டது, ஜன்னி வந்தது, போய்விட்டான்." அந்த 'ஜன்னி' என்னும் ஒரு சொல்லுக்குள் எத்தனையோ நோய்கள் ஒளிந்திருந்தன. மலேரியாவின் கடுமையும், குடற்காய்ச்சலின் பிதற்றலும், மூளையின் உறைகளைத் தாக்கும் நோயும், மூளையையே தாக்கும் நோயும் அந்தச் சொல்லுக்குள் அடக்கம். பெயர் ஒன்றாக இருக்கும்வரை நோய்களும் ஒன்றாகவே தோன்றின. ஜன்னி என்னும் மூட்டையை அவிழ்த்து, அதனுள் இருந்தவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்த கதைதான் மூளையழற்சியின் வரலாறு.

மூளையழற்சி என்பது மூளையின் திசுக்கள் வீங்கி அழற்சியுறும் நிலை. காய்ச்சல், தலைவலி, வாந்தி ஆகியவற்றோடு தொடங்கி, வலிப்பு, பிதற்றல், ஆளை அடையாளம் அறியாமை, நினைவிழத்தல் என்று அது முற்றும். பொதுமக்கள் 'மூளைக் காய்ச்சல்' என்று கூறும்போது மூளையைச் சுற்றியுள்ள உறைகளின் அழற்சியையும் இதையும் சேர்த்தே கூறுகின்றனர். இரண்டும் வேறு வேறு நோய்கள். சில வேளைகளில் இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு. மூளையழற்சிக்குக் காரணமும் ஒன்றன்று. பெரும்பாலும் வைரஸ் என்னும் நுண்ணுயிரே காரணம். ஆனால் உடலின் காவற்படையே எதிரி என்று மயங்கி மூளையைத் தாக்குவதாலும் இது விளையக்கூடும்.

இஃது எத்துணைப் பேருக்கு வருகிறது? உலகின் பல நாடுகளிலிருந்து வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், ஓர் ஆண்டில் லட்சம் பேருக்கு ஏறத்தாழ 3.5 முதல் 7.4 பேர் வரை இந்நோய்க்கு ஆளாவதாகக் கணக்கிட்டனர். குழந்தைகளிடையே இவ்வெண் இன்னும் மிகுதி. லட்சத்தில் ஐந்து என்றால் சிறிய எண் என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் சராசரி என்பது ஒரு மாயக்கண்ணாடி. ஓரூரில் பத்தாண்டுகள் ஒருவரும் நோயுறாமல், பதினோராம் ஆண்டில் ஒரே மாதத்தில் ஐம்பது குழந்தைகள் நோயுற்றாலும் சராசரி அமைதியாகவே நிற்கும். ஆதலால் 'எத்தனை' என்னும் வினாவை விட 'யார், எங்கே, எப்போது' என்னும் வினாக்களே இந்நோயின் வரலாற்றில் உண்மைகளை வெளிக்கொணர்ந்தன. இதை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

முதலில் ஜப்பானுக்குச் செல்வோம். அந்நாட்டில் கோடைதோறும் தோன்றும் ஒரு மூளை நோயைப் பற்றிய குறிப்புகள் 1871-ஆம் ஆண்டு முதலே கிடைக்கின்றன. 1924-ஆம் ஆண்டுக் கோடையில் அது பெருங்கொள்ளை நோயாக எழுந்தது. 6,000-க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். அவர்களுள் நூற்றுக்கு அறுபது பேர் வீதம் மாண்டனர். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, 1917-இல், வியன்னா நகரில் வான் எக்கனமோ என்னும் மருத்துவர் வேறொரு மூளையழற்சியை விவரித்திருந்தார். நோயாளியை வாரக்கணக்கில் உறக்கத்தில் ஆழ்த்தும் அந்த விந்தை நோய், பத்தாண்டுக் காலம் உலகெங்கும் சுற்றிவிட்டு, வந்தது போலவே மறைந்தது. ஜப்பானியர் அந்த உறக்க நோயை 'ஏ' வகை என்றும், தம் நாட்டுக் கோடை நோயை 'பி' வகை என்றும் பிரித்தனர். நெடுங்காலம் மருத்துவ நூல்களில் 'ஜப்பானிய பி மூளையழற்சி' என்ற பெயர் வழங்கியதன் காரணம் இதுவே. 1935-இல் டோக்கியோவில் இறந்த ஒரு நோயாளியின் மூளையிலிருந்து அதன் வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது. அதைப் பரப்புவது ஒருவகைக் கொசு என்பது 1938-இல் தெளிவாயிற்று. 1954-இல் அந்நாட்டில் தடுப்பூசியும் நடைமுறைக்கு வந்தது.

நோயின் பெயரில் ஜப்பான் இருக்கிறது. ஆயினும் நோய் அந்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. நம் நாட்டில் அது இருப்பதற்கான முதற்சான்று 1952-இல் கிடைத்தது. அந்த ஆண்டில்தான் புனா நகரில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ராக்பெல்லர் நிறுவனமும் சேர்ந்து வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தை அமைத்தன. இன்று தேசிய வைரஸ் ஆய்வகம் என வழங்குவது அந்நிலையமே. நாட்டின் பல பகுதி மக்களின் இரத்தத்தைச் சோதித்தபோது, இந்த வைரஸை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் சிலரிடம் காணப்பட்டது. கள்வன் வந்துபோன சுவடு தெரிந்தது. ஆனால் கள்வன் அகப்படவில்லை.

அகப்பட்ட இடம் நம் தமிழகம். 1955-ஆம் ஆண்டில், அன்றைய சென்னை மாநிலத்தின் வட ஆர்க்காடு மாவட்டத்தில், வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் காய்ச்சலும் வலிப்புமாகக் குழந்தைகள் கொண்டுவரப்பட்டனர். குழந்தை மருத்துவர்களாகிய வெப், ஷீலா பெரைரா ஆகிய இருவரும், இது பூச்சிகளால் பரவும் வைரஸ் மூளையழற்சியாக இருக்கவேண்டும் என்று நோய்க்குறிகளைக் கொண்டே கருதினர். புனா நிலையத்தின் டெல்போர்ட் வொர்க், கீர்த்தி ஷா ஆகிய இருவரும் இரத்தச் சோதனையால் அக்கருத்தை உறுதிசெய்தனர். இவ்விரு ஆய்வுகளும் 1956-இல் வெளிவந்தன.

இத்தகைய சோதனையின் முறையை மாணவர்கள் அறிந்துகொள்வது நலம். நோய் தொடங்கியவுடன் ஒரு தடவையும், சில வாரங்கள் கழித்து மறுதடவையும் நோயாளியின் இரத்தம் எடுக்கப்படும். முதல் இரத்தத்தில் எதிர்ப்பொருள் குறைவாகவும், இரண்டாவதில் பன்மடங்கு மிகுந்தும் இருந்தால், இடைப்பட்ட காலத்தில் உடல் அந்த வைரஸோடு போரிட்டது என்பது புலனாகும். போர்க்களத்தைக் காணாமலே, படைக்கலச் சாலையின் கணக்கேட்டைக் கொண்டு போர் நடந்ததை அறிவது போன்றது இது. 1956-இலேயே அம்மாவட்டத்துக் கொசுக்களிடமிருந்து வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது. 1958-இல் வேலூரில் இறந்த ஒரு நோயாளியின் மூளையிலிருந்தும் அது கிடைத்தது. அந்த வேலூர் வைரஸ் இன்றளவும் உலக ஆராய்ச்சியாளர்களின் ஏடுகளில் தன் ஊர்ப்பெயரோடு இடம்பெற்றிருக்கிறது.

1955 முதல் 1966 வரையுள்ள பன்னிரண்டு ஆண்டுகளில் தென்னிந்தியாவில் உறுதிசெய்யப்பட்டவர்கள் 65 பேர். இவ்வெண்ணைக் கண்டவுடன், 'இவ்வளவுதானா?' என்று கேட்கத் தோன்றும். ஆனால் நல்ல மாணவன் வேறொரு வினாவை எழுப்புவான். 65 என்பது நோயின் அளவா, அன்றிச் சோதனையின் அளவா? சோதனைச் சாலைக்கு இரத்தம் அனுப்பக்கூடிய மருத்துவமனைகள் அந்நாளில் எத்தனை இருந்தன? மாட்டுவண்டியில் அந்த மருத்துவமனையை எட்டும் முன்னரே ஆற்றங்கரையில் எரிக்கப்பட்ட குழந்தைகள் எந்தக் கணக்கில் சேர்வர்? விளக்கு எங்கே இருக்கிறதோ அங்கேதான் விழுந்த காசைத் தேட முடியும். வேலூரில் விளக்கு இருந்தது. ஆதலால் வேலூரில் நோய் தெரிந்தது.

இனி, கொசுவின் கதைக்கு வருவோம். இந்த வைரஸைச் சுமப்பது வீட்டுச் சாக்கடைக் கொசு அன்று. நெல்வயலின் தேங்கிய நீரில் வளரும் கியூலெக்ஸ் இனங்கள் சிலவே அதற்குப் பொறுப்பாகும். அவற்றுள் ஒன்றுக்கு 1901-இல் தியோபால்டு என்னும் பூச்சியியல் அறிஞர் 'விஷ்ணுயி' என்று பெயரிட்டார். காக்கும் கடவுளின் பெயர் நோய் பரப்பும் கொசுவுக்கு வாய்த்தது! வட ஆர்க்காட்டில் இக்கொசுக்களின் வாழ்க்கையை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர் ரேச்சல் ரூபன் என்னும் அம்மையார். 1985-இல் மதுரையில் நிறுவப்பெற்ற மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்திலும் அவர் பணிபுரிந்தார். வயலில் வேப்பம் பிண்ணாக்கு இடுவதாலும், நீரை இடையிடையே வடியவிட்டுப் பாய்ச்சுவதாலும் கொசுப்புழுக்கள் குறைகின்றன என்று அவரும் அவருடைய தோழர்களும் 1992-இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. நம் உழவர்கள் காலங்காலமாக எருவாக இட்டுவந்த பொருளே அங்கு மருந்தாகவும் நின்றது.

வைரஸின் இயற்கை இல்லம் நீர்ப்பறவைகள். கழனியில் நிற்கும் கொக்கும் மடையானும் நோயுறாமலே அதைச் சுமக்கின்றன. பன்றியின் உடலில் அது பெருகுகிறது. பறவையிடமிருந்தும் பன்றியிடமிருந்தும் கொசு அதை உறிஞ்சி எடுக்கிறது. அந்தி மயங்கிய பின் கடிக்கும் இக்கொசுவுக்கு மிக விருப்பமானது மாட்டின் இரத்தம். மனிதன் இடையில் அகப்பட்டுக்கொள்பவனே. மாட்டின் உடலிலும் மனிதன் உடலிலும் வைரஸ் போதிய அளவு பெருகுவதில்லை. ஆதலால் நோயுற்ற மனிதனிடமிருந்து மற்றொருவருக்கு அது பரவாது. நோயுற்ற குழந்தையின் வீட்டை ஒதுக்கி வைப்பதிலோ, அக்குழந்தையோடு விளையாடக்கூடாது என்று தடுப்பதிலோ பொருளே இல்லை. இந்த ஒரு செய்தியை ஊரார் அறிந்திருந்தால் எத்தனையோ குடும்பங்களுக்கு ஒரு துயரமேனும் குறைந்திருக்கும்.

நெல்வயல், தேங்கிய நீர், கொக்கு, பன்றி என்று இவையெல்லாம் ஒன்றுசேரும் இடத்தில் நோய் எழுகிறது. அப்படியானால் வானம் பார்த்த கரிசல் பூமியில் நமக்கு என்ன அச்சம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றிய நிகழ்ச்சி ஒன்றை இங்கே கூறவேண்டும்.

1990-ஆம் ஆண்டை ஒட்டிய காலம். கோவில்பட்டிக்கு அருகில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் நான் ஆசிரியனாக இருந்தேன். ஆறாம் வகுப்பில் ஒரு மாணவன், வயது பதினொன்று. மனக்கணக்கில் அவனை வெல்ல எட்டாம் வகுப்பிலும் ஆள் இல்லை. அந்த ஆண்டு மழை பொய்த்தது. காட்டில் வேலை இல்லாமையால், அவன் பெற்றோர் தாமிரபரணிப் பாசனத்தில் கார் அறுவடைக்குச் சென்றனர். கரிசல் மக்கள் கூலி நெல்லுக்காக ஆற்றுக்கால் நாட்டுக்குச் செல்வது புதுமையன்று. காலாண்டு விடுமுறை வந்ததும் சிறுவனும் பெற்றோரிடம் போய்ச் சேர்ந்தான். ஒரு பக்கம் அறுவடை. அடுத்த வயலில் பிசானத்துக்கு நாற்றங்கால். இரவில் களத்து மேட்டில் வைக்கோலின் மீது படுக்கை.

விடுமுறை முடிந்தும் அவன் வரவில்லை. காய்ச்சல் என்றார்கள், வலிப்பு என்றார்கள், மருத்துவமனையில் நினைவின்றிக் கிடக்கிறான் என்றார்கள். தை மாதத்தில் அவன் வகுப்புக்குத் திரும்பினான். கை சற்றே நடுங்கிற்று. எழுத்து கோணிற்று. ஏழையும் எட்டையும் பெருக்கச் சொன்னால் கூரையைப் பார்த்து நின்றான். சில வேளைகளில் காரணமின்றிச் சினந்து எழுந்து கத்தினான். 'பள்ளிக்கு வராமல் ஊர் சுற்றிப் பழகியதால் வந்த சோம்பல்' என்று நான் முடிவு கட்டினேன். அவனைப் பெஞ்சியின் மேல் நிற்கவைத்தேன். ஒருநாள் பிரம்பையும் எடுத்தேன். மாசி முடியும்முன் அவன் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். பிறகு அவனை நான் கண்டது, ஆடுகளோடு கண்மாய்க் கரையில். "வணக்கம் சார்" என்றான். பெயர் சொல்லிக் கேட்டேன், கணக்குப் போடுகிறாயா என்று. சிரித்தான், விடை சொல்லவில்லை.

சில ஆண்டுகள் கழித்து, ஆசிரியர்களுக்கான ஒரு புத்தொளிப் பயிற்சியில் மருத்துவர் ஒருவர் மூளையழற்சிக்குப் பின் குழந்தைகளிடம் தோன்றும் மாறுதல்களை வரிசையாகக் கூறினார். கை நடுக்கம், மறதி, கவனச் சிதறல், காரணமற்ற சினம், கற்றதை இழத்தல் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். அவர் என் மாணவனின் உருவத்தைக் கரும்பலகையில் வரைவது போல் இருந்தது. அவனுக்கு வந்தது எந்த வைரஸ் என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆதலால் நானும் அதற்குப் பெயர் சூட்டமாட்டேன். ஆனால் அவனிடம் இருந்தது சோம்பல் அன்று, நோயின் வடு என்பதில் எனக்கு ஐயமில்லை. நோய் அவனிடமிருந்து கணக்கைப் பறித்தது. பள்ளியைப் பறித்தவன் நான்.

நேயர்களே! இப்போது எண்களைப் பாருங்கள். அவற்றுக்கு ஒரு முகம் வந்துவிடும். ஜப்பானிய மூளையழற்சி வைரஸ் உடலில் புகுந்தவர்களுள் பெரும்பாலோர்க்கு ஒன்றும் நேர்வதில்லை. சிலர்க்குச் சிறு காய்ச்சலோடு நின்றுவிடும். ஏறத்தாழ 250 பேரில் ஒருவர்க்கே அது கடுமையான நோயாக முற்றுகிறது. ஆனால் அவ்வாறு முற்றினால், நூற்றுக்கு முப்பது பேர் வரை இறக்கின்றனர். பிழைத்தவர்களுள் நூற்றுக்கு முப்பது முதல் ஐம்பது பேர் வரை வாழ்நாள் முழுதும் ஏதேனும் ஒரு குறையோடு வாழ்கின்றனர். கணக்குப் போட்டுப் பாருங்கள். நோய் முற்றிய நூறு பேரில் முப்பது பேர் மறைந்தால் எஞ்சுவோர் எழுபது. அவர்களுள் 21 முதல் 35 பேர் வரை குறையுற்றவர்கள். பழைய நிலைக்கு முற்றிலும் திரும்பி வருவோர் பாதிப்பேர் கூட இல்லை. உலகில் 24 நாடுகளில், 300 கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நிலப்பரப்பில் இந்த அபாயம் இருக்கிறது. ஆண்டுதோறும் சுமார் ஒரு லட்சம் பேர் நோயுறுவதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

அவர்களுள் பெரும்பாலோர் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்கள். ஏன் குழந்தைகள்? நோய் நெடுங்காலமாக வேரூன்றிய ஊர்களில், பெரியவர்கள் தம் இளமையிலேயே கொசுக்கடியால் வைரஸைச் சந்தித்து, அறியாமலே எதிர்ப்பாற்றல் பெற்றிருப்பர். குழந்தைகளே புதியவர்கள். ஆனால் நோய் புதிதாக நுழையும் நாட்டில் முதியவரும் இளையவரும் ஒருங்கே தாக்கப்படுவர். குழந்தைகள் அனைவருக்கும் தடுப்பூசி போட்ட நாட்டில், நோயாளிகளுள் பெரியவர்களின் பங்கு மிகும். ஜப்பானில் இன்று ஆண்டுக்குப் பத்துப் பேர் அளவில் நோய் சுருங்கிவிட்டது. அவர்களுள் மிகுதியானோர் முதியவர்களே. ஆகவே, 'யாரைத் தாக்குகிறது' என்னும் வினாவின் விடை, அந்நாட்டின் வரலாற்றையே சொல்லிவிடுகிறது.

நம் நாட்டில் நோய் நெடுங்காலம் தெற்கில் மட்டும் பேசப்பட்டது. 1973-இல் மேற்கு வங்காளத்தின் வர்த்தமான், பாங்குரா மாவட்டங்களில் அது கொள்ளை நோயாக எழுந்து, சுமார் 700 பேரைத் தாக்கி, சுமார் 300 பேரைக் கொன்றது. 1978-இல் உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் வட்டாரத்தில் தோன்றியது. அதே வட்டாரத்தில் 2005-இல் எழுந்த பேரழிவில் 5,000-க்கு மேற்பட்டோர் நோயுற்று, 1,300-க்கு மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் ஏழைக் குழந்தைகள். நாடே திடுக்கிட்டது. ஜப்பானில் தடுப்பூசி வந்து அப்போது ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். அறிவு பிறந்த நாளுக்கும், அஃது ஏழையின் குடிசையை எட்டிய நாளுக்கும் இடையே உள்ள தொலைவுதான் பல நோய்களின் உண்மையான வரலாறு. 2006-இல், நோய் மிகுந்த 11 மாவட்டங்களில் குழந்தைகளுக்குப் பெருமளவில் தடுப்பூசி போடும் பணி தொடங்கிற்று. 2013-இல், கர்நாடக மாநிலம் கோலாரில் 1981-ஆம் ஆண்டு கிடைத்த வைரஸைக் கொண்டு நம் நாட்டிலேயே செய்யப்பட்ட தடுப்பூசியும் வெளிவந்தது.

பிற்காலத்தில் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்ட தமிழக மாவட்டங்களுள் விழுப்புரம், கடலூர் போன்ற நெல் வளரும் மாவட்டங்கள் இருப்பது வியப்பன்று. ஆனால் நமக்கு வடக்கே, நம்மைப் போலவே கரிசல் விரிந்த விருதுநகர் மாவட்டமும் அவற்றுள் ஒன்று. கரிசலிலும் கண்மாய் உண்டு; கண்மாய் நிரம்பிய ஆண்டில் அதன் ஆயக்கட்டில் நெல்லும் உண்டு; நெல் இருந்தால் கொக்கும் உண்டு. மண்ணின் நிறம் எல்லைக்கோடு ஆகாது.

எல்லா மூளையழற்சியும் ஜப்பானிய மூளையழற்சி அன்று என்பதையும் நாம் மறத்தல் கூடாது. 1998-இல் மலேசியாவில் பன்றிப் பண்ணைகள் நிறைந்த ஊர்களில் மூளையழற்சி தோன்றியது. பன்றி, கொசு, மூளையழற்சி என்றவுடன் ஜப்பானிய நோய் என்றே முதலில் கருதினர், கொசுமருந்து அடித்தனர், தடுப்பூசியும் போட்டனர். நோய் நிற்கவில்லை. யார் நோயுறுகிறார்கள் என்று உற்று நோக்கியபோது உண்மை புலப்பட்டது. நோயுற்றோர் குழந்தைகள் அல்லர். பண்ணையில் பன்றிகளைக் கையால் தொட்டு வேலை செய்த ஆடவர்களே பெரும்பாலோர். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் தப்பவில்லை. பன்றிகளும் இருமி மாண்டுகொண்டிருந்தன. 1999 மார்ச்சு மாதத்தில் சுவா கா பிங் என்னும் இளம் ஆராய்ச்சியாளர் அதுவரை அறியப்படாத ஒரு வைரஸைக் கண்டறிந்தார். சுங்கை நிப்பா என்னும் சிற்றூரின் பெயரால் அது நிப்பா எனப்பட்டது. அந்நாட்டில் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்தனர். அந்த நிப்பாவே 2018-இல் நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தின் கோழிக்கோட்டிலும் தலைகாட்டிற்று.

பீகார் மாநிலம் முசாபர்பூரில் கோடைதோறும் குழந்தைகள் விடியற்காலையில் வலிப்புக் கண்டு மாண்டனர். அங்கும் மூளையழற்சி என்றே பலகாலம் எண்ணினர். 2014-இல் நடந்து 2017-இல் வெளியான ஆய்வு, லிச்சிப் பழத்தில் உள்ள ஒரு நஞ்சும், இரவு உணவின்றி உறங்கியதும் சேர்ந்து, குழந்தைகளின் இரத்தத்தில் சர்க்கரையை மிகத் தாழ்த்தியதே காரணம் என்று காட்டிற்று. ஒரு வேளைச் சோறும், உரிய நேரத்தில் சர்க்கரை நீரும் காத்திருக்கக்கூடிய உயிர்கள் அவை. ஜன்னி என்னும் பழைய மூட்டையை நாம் இன்னும் முழுமையாக அவிழ்த்துவிடவில்லை என்பதற்கு இதை விடச் சான்று வேண்டுமா?

இன்னும் சில காரணங்களைச் சுருங்கக் கூறுவேன். வாயோரத்தில் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸ் அரிதாக மூளையைத் தாக்கும்; எந்த வயதினர்க்கும், எந்த நாட்டிலும் வரலாம். உரிய மருந்தை விரைவில் தொடங்கினால் பலரைக் காக்கலாம். தட்டம்மை கண்ட ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ ஒன்றுக்கு மூளையழற்சி நேரும். அம்மைத் தடுப்பூசி அதையும் தடுக்கிறது. வெறிநாய்க்கடி நோயும் ஒரு மூளையழற்சியே. அது தோன்றியபின் பிழைப்பது அரிதினும் அரிது. ஆனால் கடித்தவுடன் சோப்பும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, தாமதியாது ஊசி போட்டுக்கொண்டால் வராமலே தடுக்கலாம். 2007-இல் விளக்கப்பெற்ற மற்றொரு வகை, உடலின் எதிர்ப்பொருளே மூளையைத் தாக்குவதால் வருவது. இளம் பெண்களிடம் மிகுதியாகக் காணப்படும் அது, திடீரெனப் பேச்சும் நடத்தையும் மாறுவதாகத் தொடங்கும். பேய் பிடித்தது என்று வேப்பிலை அடித்துக் காலம் கடத்தாமல் மருத்துவரிடம் சென்றால் பெரும்பாலோர் தேறிவிடுகின்றனர்.

மாணவர்களே! இவ்வரலாற்றிலிருந்து நீங்கள் கொண்டுசெல்ல வேண்டுவன இரண்டு. முதலாவது, காய்ச்சலோடு வலிப்போ பிதற்றலோ கண்டால், ஒரு நாழிகையும் வீணாக்காமல் நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்குரிய தடுப்பூசிகளைத் தவறாமல் போடச்செய்ய வேண்டும். பாட்டியார்க்கு எழுதப் படிக்கத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். வீட்டுத் தடுப்பூசி அட்டையைப் படிப்பது உங்கள் கடமை.

இரண்டாவது, மருத்துவ நூல்கள் அதிகமாகப் பேசாதது. நெடுநாள் காய்ச்சலில் கிடந்து உங்கள் வகுப்புக்குத் திரும்பி வரும் ஒரு தோழனை நீங்கள் காணக்கூடும். அவன் மெல்லப் பேசலாம், மறக்கலாம், சினக்கலாம். அவனைக் கேலி செய்யாதீர்கள். உங்களுள் பலர் நாளை ஆசிரியர்களாவீர்கள். அன்று உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை ஏழெட்டுக்கு விடை சொல்லாமல் கூரையைப் பார்த்து நின்றால், பிரம்பை எடுக்கும் முன் அப்பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "தம்பி, உனக்கு உடம்புக்கு என்ன வந்தது?" முப்பது ஆண்டுகளுக்கும் முன்பு நான் கேட்கத் தவறிய கேள்வி அது.